போட் போயிட்டுதாம்

"தங்கச்சி, இது போட் போயிட்டுது. இதுக்குக் காசு செலவழிக்கிறது வீண். ஒண்டேகால் லட்சத்துக்குள்ள நல்ல செகண்ட்ஹாண்ட் ஒண்டு எடுத்துத் தாறன்."

கடைக்கார அண்ணா இதைச் சொல்லி முடிக்க எடுத்த நேரம் இரண்டு நிமிஷம் இருக்கும். என்னுடைய சார்ஜரைக் கழற்றினார். எல்லா லப்டொப்புக்கும் பொருந்தும் என்று வைத்திருக்கிற தன்னுடைய சார்ஜரைச் செருகினார். சார்ஜ் ஏறவில்லை. அவ்வளவுதான் பரிசோதனை. எத்தனை நாளாக இப்படி, எப்போது தொடங்கினது, திரையில் ஏதாவது காட்டினதா, ஒரு கேள்வி இல்லை. "வேணுமெண்டா விட்டுட்டுப் போங்கோ, எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா விண்டோஸ் போட்டுப் பாக்கிறன்" என்றார்.

அந்த 'எல்லாத்தையும்' என்பதற்குள்தான் என்னுடைய ஆய்வுக்கட்டுரைக்காக எடுத்த பதினொரு மணித்தியாலப் பேட்டிகள் இருந்தன. எங்கட ஊர்ப் பக்கம் பனையோலை இழைக்கிற அம்மாமாரிடம் எடுத்தவை. அதில் ஒரு அம்மா இப்போது உயிரோடு இல்லை. வேறு பிரதி? இல்லை. (ஏசாதேங்கோ. இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேரிடமும் இருக்காது.) நான் லப்டொப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியில் வந்துவிட்டேன்.

இது ஒரு லப்டொப்பின் கதைதான். ஆனால் போன வருஷத்துக்குள் மட்டும் எங்கட பட்ச்சில் நான்கு பேருக்கு இதே 'போட் போயிட்டுது' சொல்லப்பட்டிருக்கிறது. அதில் இரண்டு பேர் கடன்பட்டுப் புதுசு எடுத்தார்கள். ஒருத்தி போனிலேயே அசைன்மென்ட் எழுதுகிறாள். அதனால்தான் இதை எழுதவேணும் போல இருந்தது.

லப்டொப்பின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016ல் செய்தது. பெரியப்பாவின் மகன் கனடாவிலிருந்து லீவுக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போனது. முதலில் அண்ணாவிடம் இருந்தது, கொரோனா காலத்து ஒன்லைன் வகுப்பெல்லாம் அதில்தான். பிறகு என்னிடம் வந்தது. வெளிநாட்டு லப்டொப் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை ஒன்று உண்டு. வயரின் முனை அந்த நாட்டுத் தட்டைப் பிளக், எங்கட சுவரில் ஒரு அறையில் வட்ட ஓட்டை, மற்ற அறையில் சதுர ஓட்டை. இடையில் ஒரு மல்ரி பிளக். அது ஆடும். பேப்பரை மடித்துச் செருகி வைப்போம். சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஐம்பது ரூபாச் சாமானைத்தான். நான் அதைத்தான் முதலில் மாற்றினேன், பலன் இல்லை.

எனக்கு இருந்தவை இரண்டு வியாதிகள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்று, வயர் செருகியிருக்கும், 'சார்ஜ் ஏறவில்லை' என்று காட்டும், பற்றரி 6 வீதத்தில் நிற்கும். மற்றது, லப்டொப் செத்த பிணம் மாதிரி மெதுவாக ஓடும். வேர்டில் ஒரு வசனம் அடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம், திரும்பி வர எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கும்.

மெதுவுக்கு மருந்து தேடித்தான் இரண்டு கிழமையைத் தொலைத்தேன். பின்னணியில் ஓடுகிற செயலிகளை நிறுத்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சரி என்று கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். அங்கே ஆராவது ஒருத்தன் 100 வீதத்தையும் தின்றுகொண்டு இருப்பான், அவனைப் பிடித்து நிறுத்தினால் சரி என்ற எண்ணம். விபரப் பட்டியலில் தேட 'சிஸ்டம் ஐடில் புரொசஸ்' என்ற ஒன்று சில நேரம் 90ஐத் தாண்டி நின்றது. பிடிச்சன் கள்ளனை! நிறுத்தப் பார்த்தேன், விடவில்லை. பிறகு அறைத்தோழி விளங்கப்படுத்தினாள்: அது புரொசசர் சும்மா இருக்கிற நேரத்தின் கணக்கு. அந்த இலக்கம் கூடக் கூட நல்லது. சும்மா இருக்கிறதை நிறுத்த வெளிக்கிட்ட ஆள் நான்.

அதோடு விட்டேனா? வின்டோஸ் தேடலுக்காகப் பைல்களை அட்டவணைப்படுத்துகிற வேலையை நிறுத்தினேன். அப்டேற்றை நிறுத்தினேன். ஸ்டார்ட்டப் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினேன். அடுத்த நாள் தமிழ் அடிக்க முடியவில்லை. நிறுத்தினவற்றில் தமிழ்த் தட்டச்சுச் செயலியும் ஒன்று. லப்டொப் அப்போதும் அதே மெதுவுதான்.

கடையிலிருந்து திரும்பிய இரவு, அழுது முடித்த பிறகு, லப்டொப்பை மறுபடி போட்டேன். போட்டவுடன் கறுப்புத் திரையில் நான்கைந்து வரி ஆங்கிலம் வரும், கீழே தொடர்வதற்கு ஒரு விசையை அமத்தச் சொல்லியிருக்கும். நான் ஒரு மாதமாக அந்த விசையை அமத்தி அமத்தித்தான் கடந்து வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த வரிகளை வாசித்தேன். செருகியிருக்கிற சார்ஜர் எந்த வகை என்று அடையாளம் காண முடியவில்லை, அதனால் பற்றரிக்குச் சார்ஜ் ஏறாமல் இருக்கலாம், கணினியும் மெதுவாக ஓடும், இப்படி இருந்தது. எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. மூன்று வருஷமாகப் 'பிரதியை நுணுகி வாசித்தல்' படிக்கிற பிள்ளை. வருத்தம் என்ன, காரணம் என்ன, விளைவு என்ன என்று மெசினே எழுதிக் காட்டியிருக்கிறது, ஒவ்வொரு நாளும்.

நடந்தது இதுதான். சில கம்பெனிகளின் சார்ஜர் முனைக்குள் நடுவில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அது கரண்டுக்கானது இல்லை. 'நான் இத்தனை வாட் சார்ஜர், உன் கம்பெனிக்காரன்தான்' என்று லப்டொப்புக்குச் சொல்கிற கம்பி. வயர் முனைக்குப் பக்கத்தில் மடிந்து மடிந்து அந்தக் கம்பியின் தொடர்பு உள்ளே அறுந்தால், 19.5 வோல்ட் கரண்ட் வழமை போல வரும், லப்டொப் ஓடும். ஆனால் வருகிற சார்ஜரின் பலம் தெரியாதபடியால் லப்டொப் பயந்து இரண்டு வேலை செய்யும்: பற்றரிக்குச் சார்ஜ் விடாது, புரொசசரின் வேகத்தைப் பிடித்து அடக்கி வைக்கும். டாஸ்க் மனேஜரில் வேகம் என்ற இடத்தைப் பார்த்தேன். 0.78 கிகாஹேர்ட்ஸ். அந்தப் புரொசசரின் சாதாரண வேகம் 2.3. மூன்றில் ஒரு பங்கு பலத்தில் ஓடுகிற மெசினில் எந்தச் சின்னச் செயலியும் பெரிய குற்றவாளியாகத்தான் தெரியும். இரண்டு வியாதி என்று நினைத்தது ஒரே வியாதி.

கடைக்கார அண்ணாவின் பொதுச் சார்ஜரில் இந்த அடையாளம் சொல்கிற வசதி இருந்திருக்காது. அதனால் அவருக்கும் சார்ஜ் ஏறாமல் போக, போட் என்று முடிவு கட்டிவிட்டார். அடுத்த நாள் ஹொஸ்டலில் அதே கம்பெனி லப்டொப் வைத்திருக்கிற ஒரு ஜூனியர் தங்கச்சியிடம் சார்ஜரைக் கடன் வாங்கிச் செருகினேன். உடனே ஏறத் தொடங்கியது. வேகம் 2.3க்கு மேலே போனது. முதல் வேலையாகப் பேட்டிகளைப் பென்ட்ரைவில் போட்டேன். பழைய சாமான் விற்கிற இடத்தில் அதே கம்பெனியின் உண்மையான சார்ஜர் ஒன்று 3,500 ரூபாவுக்குக் கிடைத்தது. ஒண்டேகால் லட்சம் எங்கே, 3,500 எங்கே.

இதே அறிகுறி வேறு காரணங்களாலும் வரலாம் என்பதையும் சொல்லவேணும். பற்றரியின் ஆயுளைக் காப்பாற்ற 60 அல்லது 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற ஒரு வசதி சில லப்டொப்களில் இருக்கிறது. அதை ஆரோ ஒருக்கால் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள், பிறகு 'ஏறுதில்லை' என்று கடைக்குக் கொண்டு ஓடுவார்கள். லப்டொப் அளவுக்கு மீறிச் சூடானாலும் சார்ஜ் நிற்கும். சில நேரம் வயரைக் கழற்றி, லப்டொப்பை நிறுத்தி, கழற்றக்கூடிய பற்றரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அமத்திப் பிடித்தாலே சரிவரும். டிவைஸ் மனேஜரில் பற்றரி என்ற தலைப்பின் கீழ் இருக்கிற ட்ரைவரை அகற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கலாம், அது தானாகத் திரும்ப வந்துவிடும். இவை எல்லாம் ஒரு சதம் செலவில்லாதவை. உண்மையாகவே போட் பழுதாகிப் போகிற லப்டொப்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசியாக வரவேண்டிய முடிவு.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். டச்பாட் மேலே எழும்பியிருந்தால், அடிப்பக்கம் மேசையில் ஆடினால், பற்றரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடக்கூடாது, அமத்திப் பார்க்கக்கூடாது, ஊசியால் குத்தவே கூடாது. லித்தியம் பற்றரி நெருப்புப் பிடிக்கும். அதற்குக் கடைதான்.

என்னுடைய பற்றரி வீங்கவில்லை, ஆனால் கிழண்டிவிட்டது. எவ்வளவு கிழடு என்பதை வின்டோஸே அறிக்கையாகத் தரும் என்பது எனக்கு இந்தப் பிரச்சினைக்குப் பிறகுதான் தெரியும். கொமாண்ட் ப்ரொம்ட் என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு இடைவெளி இல்லாமல் சி, எப், ஜி சேர்த்து, பிறகு ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, அதோடு ஒட்டி 'பற்றரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாக அடிக்க வேணும். அது ஒரு பைலைச் செய்து வைத்துவிட்டு, எங்கே வைத்தது என்றும் சொல்லும். ப்ரவுசரில் திறக்கலாம். என்னுடையதில் செய்தபோது இருந்த கொள்ளளவு 41,440 மில்லிவாட் மணி, இப்போது முழுதாகச் சார்ஜ் ஏறினால் 17,900. நூற்றுக்கு 43. ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்காததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

அந்த அறிக்கையை நான் எதிர்பார்க்காத அளவுக்கு நேரம் எடுத்து வாசித்தேன். அண்ணா கடைசியாக வின்டோஸ் போட்டது 2021ல், அதிலிருந்து கொள்ளளவு எப்படிக் குறைந்துகொண்டு வந்தது என்று திகதி திகதியாக இருக்கிறது. 2022ன் முற்பகுதிக்கு வர, பற்றரியில் ஓடின நேரம் சடாரென்று கூடுகிறது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம். கரண்ட் வரும்போது முழுக்க ஏற்றி, போனபிறகு அடி வரைக்கும் இறக்கி, நடுவில் போனுக்கும் அதிலேயே சார்ஜ் போட்டு அண்ணா படித்த மாதங்கள். வரலாற்றுப் பாடத்தில் முதன்மை ஆதாரம் என்று படிக்கிறோமே, அப்படி ஒன்று என் மேசையிலேயே கிடந்திருக்கிறது.

புதுப் பற்றரிக்கு இரண்டு மாத மகாபொலக் காசு போகும். ஆய்வு முடியும்வரை வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். மேசையில் வயரோடு வேலை செய்கிற ஆளுக்கு 43 வீதம் காணும். பற்றரியை 0க்கு இறக்காமல், வெய்யில் படுகிற யன்னலோரம் வைக்காமல், மெத்தையில் வைத்துக் காற்றோட்டத்தை அடைக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் இழுக்கும். நூறிலேயே எப்போதும் வைத்திருப்பதும், சூடும், இரண்டும் லித்தியம் பற்றரிக்கு ஆகாது.

இப்போது பின்னணிச் செயலிகளுக்கு வருவம். சார்ஜர் சரியான பிறகு, நிறுத்தின எல்லாவற்றையும் மறுபடி போட்டுவிட்டு, அமைதியாக இருந்து பார்த்தேன். உண்மையான குற்றவாளிகள் சிலர் இருந்தார்கள். வின்டோஸோடு வருகிற பாதுகாப்புச் செயலி ஒரு பக்கம், அண்ணா எப்போதோ போட்டுக் காலாவதியான இன்னொரு வைரஸ் தடுப்புச் செயலி மற்றப் பக்கம். படம் இறக்குகிற செயலி ஒன்று. விளையாட்டுச் செயலி ஒன்று, விளையாட்டை அழித்த பிறகும் தன் அப்டேற்றைத் தேடிக்கொண்டிருந்தது. ப்ரவுசரை மூடினாலும் பின்னணியில் ஓடவிடு என்ற ஒரு தெரிவு போட்டபடி இருந்தது. இவற்றை அகற்ற லப்டொப் திறக்கிற நேரம் பாதியாகக் குறைந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் அடிக்கடி 100 வீதத்தில் நிற்கிறது. அது சுழல்கிற பழைய வகை டிஸ்க், அதற்கு மருந்து எஸ்எஸ்டி மாற்றுவதுதான். என்னைக் கேட்டால், பழைய லப்டொப் ஒன்றுக்குக் காசு போடுவதென்றால் பற்றரிக்கு முதல் அதற்குத்தான் போடவேணும்.

கடைக்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. யோசித்துப் பார்த்தால் எங்களிலும் பிழை இருக்கிறது. டொக்டரிடம் சனல் பண்ணிப் போகிறோம். அவர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு 'ஒண்டுமில்லை, தண்ணி குடியுங்கோ' என்றாலும் சனலிங் காசைக் கட்டிவிட்டுத்தான் வருகிறோம். அதே நாங்கள் லப்டொப் கடையில் ஒருத்தர் ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்து, 'சார்ஜரை மாத்தினாச் சரி' என்று சொன்னால், "சும்மா பாத்ததுக்கா காசு?" என்று கேட்போம். பார்ப்பதற்குக் காசு கிடைக்காது, விற்றால்தான் கிடைக்கும் என்ற நிலைமையில் ஒரு மனிசன் எதைச் சொல்லுவார்? 'பாக்கிறதுக்கு 500 ரூபா, திருத்தினாலும் திருத்தாட்டிலும்' என்று ஒரு போர்டு தொங்குகிற கடை இருந்தால் நான் அங்கேதான் போவேன். அந்தக் காசைக் கொடுக்க நாங்கள் பழகவேணும்.

எங்கட இன்னொரு பழக்கம், 'நான் ஆர்ட்ஸ், எனக்கு உதெல்லாம் விளங்காது.' அதுவும் பொம்பிளைப் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். கடையில் லப்டொப் என்னுடையது, கதைத்ததும் நான், ஆனால் கூட வந்த ஆண் நண்பனைப் பார்த்துத்தான் பாதி விளக்கம். அவன் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறவன், என்னைவிட அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லி நழுவுவது எங்களுக்கும் வசதியாக இருக்கிறது. நான் மேலே எழுதினவற்றில் கணிதம் ஏதும் இருக்கிறதா? ஒரு செய்தியை வாசித்தது, இரண்டு இலக்கத்தை ஒப்பிட்டது, எது முதலில் நடந்தது எது பிறகு என்று ஒழுங்குபடுத்தினது. இதைத்தான் எங்கட பீடத்தில் நாள் முழுக்கச் செய்கிறோம்.

பழசைத் திருத்திப் பாவிப்பதைப் பெருமையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. காசிருந்தால் நானும் புதுசுதான் வாங்குவேன். காசில்லாதவனின் நெருக்கடியை 'சிக்கனம்' என்று அழகாகப் பெயர் வைக்கிற ஆக்கள் பெரும்பாலும் புது லப்டொப்பில் இருந்துதான் அதை எழுதுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பெப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பற்றரியைப் பாவிக்கிறவரே கழற்றி மாற்றக்கூடியதாகச் செய்யவேணும் என்று சட்டம் வருகிறது. அங்கே வாங்கின லப்டொப்தான் ஐந்தாறு வருஷத்தில் ஒரு சூட்கேசுக்குள் இருந்து எங்கட வீட்டுக்கு வந்து இறங்கும், ஆகவே அந்தச் சட்டத்தின் பலன் கொஞ்சம் பிந்தி எங்களுக்கும் வரலாம். அதற்கிடையில் வேறொரு கதவு மூடிவிட்டது. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. வின்டோஸ் 11, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் புரொசசரில் இருந்துதான் முறையாகப் போடலாம். என்னுடையது ஆறாம் தலைமுறை. பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேற் தருகிறார்கள், அதைச் செய்துவைத்திருக்கிறேன். பிறகு லினக்ஸ் மின்ட் போடுவதாக யோசனை. தமிழ் யூனிகோட் அதில் பிரச்சினையில்லாமல் அடிக்கலாம். பாமினியில் அடித்துத் தரச்சொல்கிற அச்சுக்கூடங்களோடு என்ன செய்வது என்பது வேறு ஒரு கட்டுரைக்கான சண்டை.

ஹொஸ்டலில் இப்போது ஒரு சின்ன ஏற்பாடு நடக்கிறது. எந்த அறையில் எந்தக் கம்பெனிச் சார்ஜர் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். ஆருக்காவது சார்ஜ் ஏறவில்லை என்றால் கடைக்குப் போக முதல் அந்தக் கொப்பியைப் பார்த்து, போய் வாங்கிச் செருகிப் பார்க்கவேணும். இதுவரைக்கும் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்திக்குச் சார்ஜர், ஒருத்திக்கு அந்த 80 வீதத் தெரிவு. மூன்றாவது ஆளுக்கு எது செய்தும் சரிவரவில்லை, உண்மையாகவே போட்தான்.

என் பழைய சார்ஜரை எறியவில்லை. முனையைச் சரியான கோணத்தில் வளைத்துப் பிடித்தால் இப்போதும் அரை நிமிஷத்துக்கு லப்டொப் அதை அடையாளம் கண்டுகொள்கிறது. மூன்றாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை கொடுக்கவேணும், பேட்டிகளில் இன்னும் நான்கு மணித்தியாலம் எழுதி முடியவில்லை.